நீலாம்பாள் கடைக்கு நல்ல தண்ணீர்

பால்காரர் துரைராசு அன்று காலை கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தவில்லை. மணிகூட அடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு மிதித்துப் போனார்.

“அண்ணே! பாலு!” நீலாம்பாள் கையில் சொம்போடு ரோட்டுக்கு ஓடிவந்தார்.

கொஞ்சதூரம் போய்த்தான் துரைராசு காலை ஊன்றினார். “கோவிச்சுக்காத தங்கச்சி. மேலத்தெருவுல கண்டிசனா சொல்லிட்டாங்க. ஒங்கடைக்கு ஒரு சொட்டு ஊத்துனேன்னு தெரிஞ்சா அவங்க மாட்டுல நான் கை வைக்கக் கூடாதாம்.”

“எங்கடைல அவங்களுக்கு என்னண்ணே கொறை?”

“பெஞ்சிதாம்மா கொறை.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த பெஞ்சைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். கருவேலங்குடியில் அதற்கு முன்னால் ஒரே ஒரு டீக்கடைதான். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டில், புளியமரத்தடியில். தெற்குத்தெரு ஆட்களுக்கு அங்கே தனிக் கிளாஸ், கூரை ஓலையில் செருகிவைத்திருப்பார்கள். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, தரையில் குந்திக் குடிக்க வேண்டும். தெற்குத்தெருவில் இருந்தவர்கள் எல்லாருமே விவசாயக் கூலிகள், மேலத்தெரு மிராசுதார்களின் தெரு. நீலாம்பாள் கடையில் ஒரு நீளமான பெஞ்சு. யார் வந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும், எல்லாருக்கும் ஒரே கிளாஸ். வேறு விதி எதுவும் அந்தக் கடையில் கிடையாது. அந்த ஒரு விதிக்குத்தான் பாலை நிறுத்தினார்கள்!

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு டீ என்றால் உயிர். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக டீ போடுவதைக் கேட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு டீ சரியாக வரவில்லை என்பதற்காக ஓர் ஊரின் வழக்கத்தையே தள்ளிவிட்டுப் போன மனுஷியை நீலாம்பாளைத் தவிர எனக்குத் தெரியாது.

அவர் டீக்கு வந்த வழியே சுற்றுவழிதான். அறுபத்தெட்டில் அறுப்புக்கூலி உயர்த்திக் கேட்டுத் தெற்குத்தெரு வேலைநிறுத்தம் செய்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொண்டார்கள். நீலாம்பாளின் கணவர் ரெத்தினம் செங்கொடி பிடித்து முன்னால் நடந்தவர். அதன்பிறகு அந்த வட்டாரத்தில் அவரை யாரும் வரப்பில்கூட ஏற்றவில்லை. இரண்டு பேரும் வால்பாறைக்கு எஸ்டேட் வேலைக்குப் போனார்கள்.

நாற்று நட்ட கை கொழுந்து கிள்ளப் பழகியது. பாடி என்று அங்கே சொல்கிற வரிசை வீடுகளில் குளிருக்கு நாள் முழுக்க டீதான். ஆனால் அது தூள். சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சுகிற தூள். அதைப் போட்டு, வெல்லத்தையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவார்கள். டீ என்றால் அதுதான் என்று நீலாம்பாளும் நினைத்திருந்தார்.

பிறகு ஃபேக்டரிக்குள் வேலை கிடைத்தது. அங்கே ஒரு நீள மேசை. அன்றன்றைக்கு ஆன தேயிலையை டீமேக்கர் ருசி பார்க்கிற இடம். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து உர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். கிண்ணம் கழுவுவது நீலாம்பாளின் வேலை. ஒருநாள் டீமேக்கர் பாதியில் எழுந்து போய்விட, கடைசிக் கிண்ணத்தை அவர் தொடவே இல்லை. கீழே ஊற்ற மனசு வரவில்லை. நீலாம்பாள் அதை எடுத்துக் குடித்தார்.

பால் இல்லை. சர்க்கரை இல்லை. செந்தேன் நிறத்தில், கிண்ணத்தின் அடி தெரிந்தது. நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. பிறகு, விழுங்கி முடித்தபிறகு, மூக்குக்குப் பின்னாலிருந்து ஒரு காட்டுப்பூ வாசனை எழுந்து வந்தது.

“எனக்கு அழுவையே வந்திருச்சி. கோவந்தான்! மழையில அட்டைக்கடி பட்டு இத்தனை வருசமா கிள்ளுறது நான். இப்படி ஒண்ணு அதுக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியலையே” என்று அதைப்பற்றி அவர் சொல்வார்.

அன்றிலிருந்து டீமேக்கரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையை அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, இலைமேல் ஊற்றி, மூடிவைத்துவிட வேண்டும். இலை விரிகிற வரைக்கும் காத்திருந்து வடித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தபோது ரெத்தினமும் நீலாம்பாளும் ஊருக்குத் திரும்பினார்கள். இனிமேல் எந்த மிராசுதாரும் குடிசையைப் பிரித்துப் போட முடியாது. மனையின் முன்பக்கம் ரோட்டைத் தொட்டது. பிறகென்ன, கடை! ஊருக்குக் கிளம்பும்போது டீமேக்கர் ஒரு டின் நிறைய முழு இலைத் தேயிலை கொடுத்திருந்தார். அதை நல்ல நாளைக்கு ஆகட்டும் என்று பரண்மேல் வைத்துவிட்டு, எல்லாரையும்போலத் தூளும் பாலும் போட்டுத்தான் கடையை ஆரம்பித்தார்.

பால் நின்ற அன்றைக்கு அந்த டின்னை இறக்கினார்.

“பால் இல்லாம தூள் டீயை மனுசன் குடிப்பானா?” என்று கவலையோடு கேட்டார் ரெத்தினம்.

“தூளைக் குடிக்க முடியாது. இதைக் குடிக்கலாம். இதுல பால் ஊத்துனாத்தான் பாவம். அவங்க பாலை அவங்களே வெச்சிக்கட்டும்.”

வெந்நீரை இறக்கி, இலைமேல் ஊற்றி, மூடி, காத்திருந்து வடித்தார். வடித்ததைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. கறுப்பாக, கலங்கலாக, மேலே எண்ணெய் படிந்த மாதிரி ஓர் ஆடை. வாசனை சுத்தமாக இல்லை. வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல இருந்தது.

பெஞ்சில் இருந்த சாமிதுரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “என்ன மதினி, சாயப்பட்டறை வெச்சிருக்கியா? என் வேட்டியை வேணா இதுல முக்கிட்டுப் போவவா?”

கடையே சிரித்தது. நீலாம்பாள் சிரிக்கவில்லை. இலையை மாற்றினார், அளவை மாற்றினார், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். மறுநாளும் அதே கறுப்பு. அடுத்த நாள் பெஞ்சில் பாதி காலி. சில பேர் வாய்க்குள் முனகிக்கொண்டே புளியமரத்தடிக்கு, அந்த ஓலையில் செருகிய கிளாஸுக்கே திரும்பிப் போனார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த டீ சரியாக வராவிட்டால் பெஞ்சு இருக்காது. அவருக்கு அது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

இலை நமுத்துப்போயிருக்கும் என்று நினைத்து, டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார். அங்கே தேயிலை மட்டுமே விற்கிற ஒரு கடை. அஹமது கபீர் என்கிறவர் நடத்தினார்.

“காப்பிக்கார ஊருல டீ வித்துப் பொழைக்கிறேம்மா, என் தைரியத்தைப் பாத்துக்கோங்க” என்று சிரித்துக்கொண்டே டின்னைத் திறந்தவர், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். முகர்ந்தார். சிரிப்பு நின்றது. “இது எங்க கெடைச்சிச்சி? ஏலத்துக்குப் போற இலையாச்சே!”

“கெட்டுப் போயிருக்காங்க?”

“கெட்டுப் போறதாவது! உக்காருங்க.”

அவர் போட்டுக் கொடுத்தார். அதே செந்தேன் நிறம். அதே கடி. அதே காட்டுப்பூ. நீலாம்பாள் கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டார்: “நான் செய்யுற மாதிரியேதான் செஞ்சீங்க. எனக்கு மட்டும் ஏங்க இப்படி வரல?”

கபீர் கொஞ்சம் யோசித்தார். “தண்ணி என்ன தண்ணி?”

“கெணத்துத் தண்ணி. நல்ல தண்ணிதான். பொறந்ததுலேருந்து குடிக்கிறேன்.”

“எனக்குக் காவேரிலேருந்து கொடத்துல கொண்டாந்து ஊத்துறாங்க. ஒரு கூஜா மோந்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்களேன்.”

நீலாம்பாள் படித்துறையில் இறங்கி, கடன் வாங்கிய கூஜாவில் காவேரியை மோந்து, அது சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் ஒரு அம்மாள், “தீர்த்தமா?” என்று கேட்டாராம். “டீக்கு!” என்றாராம் இவர். எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்!

மறுநாள் காலை பெஞ்சின்மேல் இரண்டு கிளாஸ். ஒரே இலை, ஒரே அளவு, ஒரே அடுப்பு. ஒன்று காவேரித் தண்ணீர், இன்னொன்று தெற்குத்தெருக் கிணற்றுத் தண்ணீர். ஒன்று விடிகாலை வானம் மாதிரி. மற்றது சாக்கடை.

ருசி பார்த்த பக்கத்துவீட்டு ரெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். “அடிப்பாவி, அப்ப எங்க வூட்டுப் பருப்பு வேகாததும் இதுனாலதானா? நான் மளிகைக்காரரையில்ல இத்தனை வருசமா வஞ்சிக்கிட்டுக் கெடக்கேன்!”

“எங்க அம்மாவுக்குச் சமையல் தெரியாதுன்னு எங்கப்பா அடிச்சாரே” என்றார் சாமிதுரை. இந்த முறை கேலி இல்லை.

அதுதான் விஷயம். கடைமடை மண். தெற்குத்தெருக் கிணறு உப்பு. பிறந்ததிலிருந்து குடித்த நாக்குக்கு அது உப்பாகவே தெரியவில்லை. தூளும் பாலும் வெல்லமும் போட்டுக் காய்ச்சினால் எல்லாம் மறைந்துவிடும். முழு இலை எதையும் மறைக்காது. ஊரில் நல்ல தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது: ஆடியில் வாய்க்கால் திறந்ததும் நிரம்புகிற மேலத்தெருக் குளம். தெற்குத்தெருக் குடம் அதில் இறங்கியதே கிடையாது.

சங்கத்தில் பேசலாம் என்று ஐயாவுவிடம் போனார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஐயாவு. நேர்மையான மனிதர், கொஞ்சம் முசுடு.

“குறுவை அறுப்புக் கூலிக்குத் தாசில்தார் முன்னால பேச்சுவார்த்தை இருக்கு. அங்க போயி டீ சரியா வரலன்னா பேசுவ? சிரிப்பாங்க.”

“டீ பேசலங்க தோழரே. தண்ணி பேசுறேன்.”

“கூலி முக்கியமா, தண்ணி முக்கியமா?”

“கூலி வாங்கியாந்து எதுலங்க ஒலை வைப்பீங்க?”

ஐயாவு பீடி பற்றவைத்தார். மறுக்கவில்லை.

பேச்சுவார்த்தை பஞ்சாயத்து ஆபீஸில் நடந்தது. தாசில்தார் நடுவில். ஒருபக்கம் மிராசுதார்கள், அவர்களுக்குப் பேச்சாளர் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சநதம். ஆட்சி மாறியதும் துண்டின் கட்சிக் கரையை மாற்றிக்கொண்டவர். மறுபக்கம் ஐயாவும் சங்கத்தாரும். கூலி பேசி முடிய மதியம் ஆகிவிட்டது. கேட்டதில் பாதி கிடைத்தது. எழுந்திருக்கும் நேரத்தில் ஐயாவு தொண்டையைச் செருமி, “குடிதண்ணி விசயம் ஒண்ணு இருக்குங்கய்யா” என்றார்.

பஞ்சநதம் கையை விரித்தார். “அவங்களுக்குக் கெணறு இருக்கு, எங்களுக்குக் கொளம் இருக்கு. ரெண்டும் காவேரித் தண்ணிதானுங்க. மேல போனா கொளம், கீழ போனா கெணறு. எந்த வித்தியாசமும் கெடையாது.”

“அப்ப ஒரு டீ சாப்புட்டுப் போங்கய்யா” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நீலாம்பாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வந்திருந்தார்!

ஆபீஸ் மண்பானையில் இருப்பது மேலத்தெருக் குளத்துத் தண்ணீர். அதிலிருந்து ஒரு சொம்பு கேட்டு வாங்கினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்தார். எல்லார் கண்முன்னாலும் இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி, இலைமேல் ஊற்றி, மூடினார். காத்திருக்கிற நேரத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பசி நேரம், வாசனை வேறு. குளத்துத் தண்ணீரில் போட்டதில் முதல் கிளாஸ் தாசில்தாருக்கு. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு நீலாம்பாள் ஒரு தட்டில் இரண்டு கிளாஸ்களை வைத்துப் பஞ்சநதத்தின் முன்னால் நீட்டினார். ஒன்று செந்தெளிவு. ஒன்று கறுப்பு, மேலே ஆடை.

பஞ்சநதம் தாசில்தாரைப் பார்த்தார். தெற்குத்தெருக் கையால் கொடுத்ததைப் பஞ்சநதம் வாழ்க்கையில் வாங்கியதில்லை. அதிகாரிக்கு முன்னால் மறுக்கவும் முடியாது. தீண்டாமை சட்டப்படி குற்றம். கை நீண்டது. நேராகத் தெளிந்த கிளாஸுக்குப் போனது.

“அது ஒங்க கொளத்துத் தண்ணிங்க தலைவரே. ரெண்டும் ஒண்ணுதான்னீங்க, எப்படிங்க கரெக்டா எடுத்தீங்க?” நீலாம்பாள் மெதுவாகத்தான் கேட்டார்.

சங்கத்தார் பக்கம் வெடித்த சிரிப்பில் தாசில்தாரும் குனிந்து ஃபைலைத் தேட வேண்டியதாயிற்று. பஞ்சநதம் கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“சரிம்மா. தெற்குத்தெருவுக்குத் தனியா ஒரு குழாய்க்கு எழுதுறேன்” என்றார் தாசில்தார்.

“தனியா வேணாங்கய்யா. தனிக் கெணறுதான் உப்பாப் போச்சி. தனிக் கிளாஸை வேணான்னுதான் நான் கடையே போட்டேன். கொளம் யாருதுங்க?”

“புறம்போக்கு. பொதுச்சொத்து. யாரும் தடுக்க முடியாது.”

“அது போதுங்க.”

தாசில்தாரின் ஜீப் கிளம்பியது. சொல்லிவிட்டுப் போவது சுலபம். குடத்தை எடுத்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமே. மறுநாள் விடிந்ததும் நீலாம்பாள் மண்குடத்தோடு குளத்துக்குத் தனியாகப் போனார். முதல் படியில் கால் வைத்தபோது கரையிலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. குடம் உடைந்தது. இடுப்பில் குடத்தின் கழுத்து மட்டும் மிஞ்சியது. யார் எறிந்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுகளைப் பொறுக்கிப் படியோரமாகக் குவித்துவைத்தார். தண்ணீர் மோக்க வருகிறவர்கள் காலில் குத்திவிடுமாம்! பிறகு வீட்டுக்கு நடந்தார்.

“போதும் நீலா. பாலை வேற எங்கயாச்சும் பாத்துக்குவோம். தூளே போடுவோம்” என்றார் ரெத்தினம்.

“தூள் போட்டா, உப்பை மறைச்சிக்கிட்டே இருக்கலாம். ஒங்களுக்கு அது வேணுமா?”

ரெத்தினம் எழுந்தார். உள்ளே போய், கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைக் குடத்தை எடுத்துவந்து மனைவிக்கு முன்னால் வைத்தார்.

மறுநாள் அந்தக் குடத்தோடு நீலாம்பாள் தெருவில் இறங்கியபோது ரெங்கம்மாளும் குடத்தோடு வாசலில் நின்றார். “எம்பருப்பு வேவணும்” என்றார். அதற்குள் இன்னும் இரண்டு கதவு திறந்தது. போகப்போகத் தெருவே வந்தது. ஆண்கள் பின்னால், முன்னால் பெண்கள். ஐயாவு கொடியை எடுத்துவந்தார். “அது வேணாங்க தோழரே, கைக்கு ஒரு கொடம் எடுத்துக்கிட்டு வாங்க” என்றார் நீலாம்பாள். கிளைச் செயலாளர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் குடம் தூக்கினார்.

கரையில் ஆட்கள் நின்றார்கள். ஒரு கல் வந்தது. டங்கென்று பித்தளையில் பட்டுத் தெறித்தது. “இது ஒடையாது. வேற பாருங்க” என்றார் நீலாம்பாள், நடையை நிறுத்தாமல். இரண்டாவது கல் வரவில்லை. படியில் பஞ்சநதத்தின் மனைவி அகிலாண்டம் குளித்து முடித்து ஈரப்புடவையோடு நின்றிருந்தார். எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். அவர் கரையில் இருந்தவர்களைப் பார்த்தார், இத்தனை குடங்களையும் பார்த்தார். பிறகு ஒரு பக்கமாகத் தள்ளி நின்றார்.

“ஓரமா மோந்துக்கிட்டுப் போங்க. கலக்கிடாதீங்க.”

“ஓரத்துல பாசிங்கம்மா. டீக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் நடுப்படியில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குடத்தால் மேலே அலசி விலக்கிவிட்டு, ஆழத்தில் அமுக்கினார். குடம் குபுகுபுவென்று குடித்தது.

இதை எழுதுகிறபோதும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

அன்றைய டீ செந்தேனாக வந்தது. பெஞ்சில் இடம் போதாமல் ஆட்கள் நின்றார்கள். இந்த முறை இடம் இல்லாததால்தான் நின்றார்கள். பிறகு வந்த வருஷங்களில் கபீர் பாய் ஊட்டிப் பனிக்கால இலை, வடக்கேயிருந்து வருகிற மெல்லிய இலை என்று பொட்டலம் பொட்டலமாக அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் மூடிவைப்பது என்று நீலாம்பாள் நாக்காலேயே கண்டுபிடித்தார். நடவுக்குப் போகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, “இன்னிக்கு எந்த எலை?” என்று கேட்கிற கடையாக அது ஆனது.

ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலத்தோடு முடிக்கத்தான் எனக்கு ஆசை. துரைராசு சைக்கிளைக் கடைக்கு முன்னாலேயே நிறுத்தினார். தயங்கித் தயங்கி வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

“மேலத்தெருவுல பேச்சு அடங்கிப் போச்சி தங்கச்சி. நாளைலேருந்து பாலு ஊத்தட்டுமா?”

நீலாம்பாள் ஒரு கிளாஸை வடித்து அவர் முன்னால் வைத்தார். நெளிந்துபோன பித்தளைக் குடம் பக்கத்திலேயே இருந்தது.

“மொதல்ல இதைக் குடிங்கண்ணே. குடிச்சிட்டுச் சொல்லுங்க, பாலு வேணுமான்னு.”

துரைராசு குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைத்தார்.

“வேணாந்தான்” என்றார்.